முப்பத்தொன்றாம் நம்பர் துண்டு

எங்கள் வீட்டு டிவி சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. செகந்திராபாத் லோத்குண்டாவில், ராணுவ நிலத்தின் மதிலை ஒட்டி, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வாடகை வீடு எங்களுடையது. கூடத்தில் முழுச் சுவர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற மூன்றிலும் கதவு, ஜன்னல், அலமாரி என்று ஏதாவது ஒன்று இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒற்றைச் சுவரை அம்மா கேட்டாள். கிரிக்கெட் நடக்கிற நேரம் என்று அப்பா முனகிப் பார்த்தார். மறுநாள் டிவி அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தது. அதன்பிறகு இரண்டு மாதம் எல்லா மேட்சையும் அப்பா படுத்தபடிதான் பார்த்தார்.

டிவி இருந்த இடத்தில் அம்மா ஒரு சாம்பல் நிறக் கம்பளியை ஆணியடித்து மாட்டினாள். கம்பளியின் சொரசொரப்பில் துணித்துண்டை வைத்தால் பாதி ஒட்டிக்கொள்ளும், ஒரு குண்டூசி குத்தினால் முழுக்க நின்றுவிடும். பிடிக்காவிட்டால் எடுத்து வேறு இடத்தில் குத்திப் பார்க்கலாம். தைப்பதற்கு முன்னால் நாள்கணக்கில் இப்படி நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதுதான் இதில் பாதி வேலை என்று அம்மாவுக்குச் சொன்னவர் கர்னல் வீட்டு மேடம்.

மேடம் எங்கள் தெருவுக்கு அப்பால் ராணுவக் குடியிருப்பில் இருந்தார். அம்மா வயதுதான் இருக்கும். வடக்கே எங்கேயோ பிறந்தவர், கணவருக்குக் குன்னூரில் வேலை இருந்தபோது அங்கே மூன்று வருடம் காய்கறி வாங்கியதில் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வந்து அம்மாவுக்குப் பழக்கமானவர், புதன்கிழமைதோறும் அம்மாவைத் தன் வீட்டு வராந்தாவுக்கு வரச் சொன்னார். அங்கே ஏழெட்டுப் பெண்கள் கூடி ஆர்ட் குவில்ட் செய்தார்கள். மேலே துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்து நெடுகத் தையல். குளிருக்குப் போர்த்துகிற ரஜாய்க்கும் இதே கணக்குத்தான். ஆனால் இதைப் போர்த்திக்கொள்ளக் கூடாது, சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும். போர்த்திக்கொள்ள முடியாத போர்வை எதற்கு என்று எங்கள் வீட்டுக்காரம்மா தெலுங்கில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அம்மா அதைக் குவில்ட் என்று சொல்லவே மாட்டாள். படம் என்றுதான் சொல்வாள்.

அம்மா அதுவரை ஒரு நேர்கோட்டுப் பேர்வழி. ஃபால்ஸ், புடவை ஓரத்துக்குப் பீக்கோ, ரவிக்கை பிரித்துப் போடுவது, பள்ளிக்கூடச் சீருடைக்கு மடிப்பு இறக்குவது. அளக்காமல் ஒரு நூல்கூட வெட்ட மாட்டாள். மேடத்தின் வராந்தாவிலோ ஸ்கேல் வைக்கக் கூடாது, காகிதத்தில் வரையக் கூடாது, கத்தரியைக் கையில் எடுத்து நேராகத் துணியில் இறங்க வேண்டும். முதல் புதன்கிழமை வீட்டுக்கு வந்து, "வெட்டத் தெரியாத பிள்ளைக மாதிரி வெட்டச் சொல்றாக பாப்பா. எனக்குக் கையே வர மாட்டேங்குது" என்றாள். அம்மா மதுரைப் பக்கம். ஐதராபாத்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் அவள் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை.

ஏப்ரல் கடைசியில் மேடம் ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தார். தலைப்பு, என் வீடு. கடையில் துணி வாங்கக் கூடாது, வீட்டில் உடுத்திக் கழித்த துணியில்தான் செய்ய வேண்டும். எல்லாருடையதையும் மாட்டிவிட மாட்டார்கள். மேடம் வீடு வீடாக வந்து பார்ப்பார், தேறியதுதான் கண்காட்சிக் கூடத்துக்குப் போகும். தேறிய படத்தின் கீழே அட்டையில் தைத்தவரின் பெயர் இருக்கும். அம்மாவுக்கு அந்த அட்டை வேண்டும். அதை அவள் மறைக்கவும் இல்லை. "இந்தத் தெருவே நான் தைச்சதத்தான் உடுத்தித் திரியுது. எதுலயாவது எம்பேரு இருக்கா?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சாம்பாரில் எனக்குத் தெரிந்தது. அந்த மாதம் முழுக்க அதில் ஒன்று உப்பே இருக்காது, இல்லாவிட்டால் இரண்டு தடவை போட்டிருப்பாள்.

முதலில் அவள் செய்தது எல்லாரும் செய்வது. ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை மரம், முன்னால் ஆறு. என் பழைய பச்சைப் பாவாடை தென்னை ஆனது. மேடம் வந்து பார்த்தார்.

"இந்த மரம் எங்கே? உங்க வீட்டிலே இருக்கா?" என்று தன் குன்னூர்த் தமிழில் கேட்டார்.

"இல்ல மேடம்."

"ஆறு?"

"இல்ல."

"அப்போ இது யாரு வீடு?"

மேடம் போனதும் அம்மா எல்லாவற்றையும் பிடுங்கிப் பையில் திணித்தாள். பத்து நாள் கம்பளி வெறுமனே தொங்கியது. அப்பா ஒரு தடவை டிவியைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தார், அம்மா திரும்பிப் பார்த்தாள், அவர் மறுபடி படுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டிலிருந்து பார்க்க உருப்படியாக இருந்தது ஒன்றுதான். சமையலறை ஜன்னலுக்கு எதிரே, மதிலுக்கு அந்தப் பக்கம், ராணுவ நிலத்தில் ஒரு பாறைக் குன்று. யாரோ உருட்டி விளையாடிவிட்டு அடுக்காமல் போனதுபோல் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். இந்த ஊரில் அதை யாரும் நின்று பார்ப்பதில்லை, அது பாட்டுக்கு எல்லா இடத்திலும் இருக்கிறது. ஒரு நாள் காலை அம்மா அப்பாவின் காக்கிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். வெயில் சட்டைக்குப் பின்னாலிருந்து வந்தது. அப்பா சனத்நகரில் ஒரு மெஷின் கம்பெனியில் ஃபிட்டர். கழற்றிப் போட்ட மெஷினுக்கு அடியில் படுத்துப் பழுது பார்ப்பது அவர் வேலை. அவர் சட்டையில் எண்ணெய்யும் கிரீஸும் எத்தனை துவைத்தாலும் போகாமல் கறையாகத் தங்கிவிடும். அன்று அம்மா ஈரக்கையோடு சட்டையைப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக் குன்றைப் பார்த்தாள், மறுபடி சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னை ஏணி பிடிக்கச் சொல்லிவிட்டுப் பரணில் ஏறினாள்.

பரணில் வண்டி துடைக்க என்று போட்டு வைத்திருந்த பழைய சட்டைகள் ஒரு மூட்டை இருந்தன. கம்பெனியில் வருடத்துக்கு இரண்டு கொடுப்பார்கள், பல வருடத்துச் சட்டைகள். ஒவ்வொரு காக்கியும் ஒவ்வொரு மாதிரி வெளுத்திருந்தது. அம்மா அவற்றைப் பாறை பாறையாக வெட்டினாள். அளக்கவில்லை. முதுகில் இருந்த பெரிய கறை அடிவாரப் பாறையின் நிழலானது. கைப்பட்டையில் தீற்றிய கிரீஸ் இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் இடுக்கானது. ஒரு துண்டும் புதிதாகச் சாயம் போடப்படவில்லை. நிழல்கள் எல்லாம் ஏற்கெனவே சட்டையில் இருந்தன, அவள் கண்டுபிடித்து இடத்தில் வைத்தாள், அவ்வளவுதான். வானத்துக்கு என் சீருடைச் சட்டையின் வெள்ளை. மொத்தம் நாற்பத்தாறு துண்டுகள்.

வைத்ததும் முடிந்துவிடவில்லை. ஒரே துண்டை மூன்று நாள் நகர்த்துவாள். குக்கர் ஐந்து விசில் அடித்த பிறகு ஓடுவாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். முழுக்கத் திறந்தால் துணி தெரியும், பாதி மூடினால் படம் தெரியும். கூடத்தில் அவ்வளவு தூரம் பின்னால் போக இடம் இல்லாததால், அம்மா வாசலைத் தாண்டி கேட் வரைக்கும் போய் நின்று கண்ணைச் சுருக்குவாள். உங்கம்மாவுக்குக் கண் வலியா என்று பால்காரர் என்னிடம் விசாரித்தார். நானும் கேட்டுக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. கூடத்துச் சுவரில் குன்று நின்றது. சாயங்கால வெயில் ஒரு பக்கம் விழுந்து, மறுபக்கம் இருட்டி, கைவைத்தால் சுடும் போலிருந்தது.

அப்பா மட்டும் அந்தச் சுவரைப் பார்க்க மாட்டார். பார்த்தால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"அங்க பெரிய பெரிய ஆபீசருங்க வருவாங்களா?"

அம்மா வாயில் நான்கைந்து குண்டூசி வைத்திருந்தாள். "ம்" என்றாள்.

"என் அழுக்குச் சட்டைய மாட்டி வெச்சு, கீழ உன் பேரு போடுவாங்களா?"

"ம்."

அந்த இரண்டாவது 'ம்'தான் அவரை என்னமோ செய்துவிட்டது. அப்பாவின் அப்பா ரயில்வே பட்டறையில் வேலைக்கு வந்தவர், அப்பா பிறந்து வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத் ரயில்வே காலனி. அவர் பேசுகிற தமிழில் பாதி இந்த ஊர்ச் சரக்கு. மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது பைக்கில் இருந்தபடியே சொன்னார். "உங்கம்மா பேரு போடற எடத்துல அழுக்கு நக்கோ, வேணாம் கண்ணு. நாம ஒண்ணு பண்ணுவோம். அவளுக்குச் சொல்லாத."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா என்னிடம் ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மேடத்தோடும் மற்றவர்களோடும் நடுவில் வைக்கும் பஞ்சு வாங்க பேகம் பஜார் போனாள். மேடம் மறுநாள் திங்கள் சாயங்காலம் படத்தைப் பார்க்க வருவதாக இருந்தார். அம்மாவின் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் அப்பா ஒரு துணிப் பையைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார். விரற்கடை அளவு அலுமினியத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, பஞ்ச் உளி வைத்து, ஒன்று முதல் நாற்பத்தாறு வரை எண் அடித்திருந்தார். அந்த வாரம் முழுக்க சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் உட்கார்ந்து செய்தாராம். மெஷினைக் கழற்றினால் எந்தப் பாகம் எங்கே இருந்தது என்று அடையாளம் போடாமல் ஒரு திருகுகூட எடுக்கக் கூடாது, அது அவர் தொழில் தர்மம்.

முதலில் என் கணக்கு நோட்டில் சுவரைப் பார்த்துப் படம் வரைந்து ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டார். பிறகு அவர் துண்டைக் கழற்றுவார், நான் எண்ணைச் சொல்லித் தகட்டைச் சேஃப்டி பின்னில் மாட்டுவேன். எந்தத் துண்டில் எந்தக் கறை என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஏழில் ஒரு பெரிய வட்டம். பத்தொன்பதில் மூன்று கோடு. முப்பத்தொன்றில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை, சுத்தமான காக்கி. வாளியில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த மண்ணெண்ணெய், இன்னொரு வாளியில் சலவை சோடா கலந்த வெந்நீர். அப்பா ஒவ்வொரு துண்டையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டினார். கறை உள்ள இடத்தைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார், ஓரம் பிரியாமல் பிழிந்தார். ஏப்ரல் வெயில் அரை மணியில் காய வைத்துக் கொடுத்தது. இஸ்திரி போட்டார். பிரிந்த நூலைக்கூடக் கத்தரித்தார். மூன்று மணிக்கு நாற்பத்தாறு துண்டும் நோட்டில் போட்டபடி, ஒரு நூல் பிசகாமல், சுவரில் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தன. தகடுகளைக் கழற்றி எண்ணிப் பையில் போட்டார். முகம் கழுவி, துவைத்த லுங்கி கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அம்மா பஞ்சு உருளையைக் கட்டிப்பிடித்தபடி உள்ளே வந்தாள். உருளைக்கு மேல் அவள் கண் மட்டும் தெரிந்தது. சுவரைப் பார்த்து நின்றாள். உருளையைக் கீழே வைத்தாள். கிட்டே போய் ஒரு துண்டைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தாள்.

"வெளுத்துட்டீகளா?"

"ஹவ், ஆமா" என்றார் அப்பா. "ஒண்ணுகூட எடம் மாறல. வேணும்னா அளந்து பாரு."

"இல்ல. எல்லாம் அந்தந்த எடத்துல இருக்கு" என்றாள் அம்மா. பிறகு, "நல்லா வெளுத்துருக்கு" என்றாள். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் வழக்கம்போல் கேட்டுக்கு ஓடிக் கண்ணைச் சுருக்கினேன். சுருக்கச் சுருக்க ஒன்றும் வரவில்லை. சுவரில் நாற்பத்தாறு சப்பாத்திகளை ஒட்டி வைத்ததுபோல் இருந்தது. "அப்பா, மலை எங்க?" என்று அங்கிருந்தே கத்தினேன்.

அப்பா எழுந்து வந்தார். அதுவரை ஒரு நாளும் அந்த இடத்தில் நின்று பார்க்காதவர் என் பக்கத்தில் நின்றார். கண்ணைப் பாதி மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். அவர் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது. உள்ளே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, பாத்திரம் ஒன்றும் சத்தம் போடவில்லை. அப்போதுதான் அம்மா அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. அப்பா வாசல்படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்தபடி வந்தாள். சுவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"ஏங்க, மண்ணெண்ணெய்ல போட்டா இம்புட்டுச் சுத்தமாப் போயிருமா?"

"போயிடும்" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

"அது முன்னமே தெரியுமா ஒங்களுக்கு?"

"கம்பெனில எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா பன்னெண்டு வருசம் என்னையக் கல்லுல போட்டு அடிக்க விட்டீக?"

அப்பா தலையைச் சொறிந்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நாளைக்கே கம்பெனியிலிருந்து கிரீஸ் கொண்டுவந்து பழையபடி தடவிவிடலாம், கணக்கு நோட்டில் இடம் எல்லாம் இருக்கிறது என்று சொன்னார்.

"கிரீஸப் பூசுனா பூசுன மாதிரிதான் இருக்கும்" என்றாள் அம்மா. "போங்க, போய் டீ போடுங்க."

டீயைக் குடித்துக்கொண்டே அவள் சுவரைப் பார்த்தாள். அதுவரை அவள் பார்த்த பார்வை வேறு, இது வேறு. டம்ளரைக் கீழே வைத்தாள், தையல் சாக்கட்டியை எடுத்தாள், ஏழாம் துண்டில் ஒரு வட்டம் போட்டாள். அந்த வட்டம் அங்கேதான் இருந்தது. எனக்குத் தெரியும், நான்தான் எண் போட்டவள்.

"அம்மா, பத்தொம்போது?" என்று நோட்டைப் பார்த்து அந்தத் துண்டைத் தொட்டுக் காட்டினேன்.

"அது தோளு. கம்பியத் தூக்கிட்டு வருவாக, மூணு கோடா விழும்." போட்டாள். சரியாக மூன்று.

"பன்னெண்டு?"

"முதுகு. அடியில படுத்து வேல பாக்கையில நடு முதுகுல மட்டும் படாது. ரெண்டு பக்கமும் இருக்கும்."

நான் நோட்டை வைத்துக்கொண்டு பரீட்சை நடத்தினேன். ஒன்றில்கூட அவள் தோற்கவில்லை. அவள் போனில் கேமரா கிடையாது. எந்தப் படத்தையும் பார்த்துப் போடவில்லை. அப்பா சமையலறை வாசலில் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கோடு போட்ட இடத்தையெல்லாம் நூலால் நிரப்புவதென்று அம்மா முடிவு செய்தாள். கறுப்பு, தேன் நிறம், மரக்கலர், மூன்றும் ரவிக்கை தைத்து மிஞ்சிய நூல். கிரீஸ் தடியாக இருந்த இடத்தில் ஓட்டத் தையல் நெருக்கி நெருக்கி, எண்ணெய் லேசாகப் பரவிய இடத்தில் விட்டு விட்டு. மேடம் திங்கட்கிழமை வந்தபோது ஒரு பாறைக்குத்தான் நிழல் வந்திருந்தது. மற்றதெல்லாம் சாக்கட்டிக் கோடு. என்ன நடந்தது என்று அம்மா சொன்னாள். யார் செய்தது என்று மேடம் கேட்டதும் அப்பா எழுந்து நின்று, சூப்பர்வைசரிடம் சொல்வதுபோல் "நான்தான் மேடம்" என்றார். தகட்டுப் பையையும் நீட்டினார். மேடம் ஒரு தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை. கேட்டுக்குப் போய் அந்த ஒற்றைப் பாறையைப் பார்த்தார்.

"முன்னே நல்லா இருந்தது" என்றார் வெளிப்படையாக. "இது வேற. முடிங்க. வெள்ளிக்கிழமை வரேன். அப்புறம் சொல்றேன்."

அந்த வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு வேலை அப்பாவுடையது. வேலையிலிருந்து வந்ததும் உப்புமா கிண்டி வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊசி கோப்பார். ஒரு தெர்மோகோல் அட்டையில் கோத்த ஊசிகள் இருபதுக்குக் குறையாமல் வரிசையாக நிற்கும். அம்மா நூல் தீர்ந்ததும் தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டுவாள். தடித்து வெடித்த அந்த விரல்களுக்கு ஊசிக்காது ஒரு பொருட்டே இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நானும் அவர்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினேன். தரையில் டிவி இருந்தும் யாரும் போடவில்லை. இன்றைக்கு யோசித்தால், என் சிறுவயதில் மிகவும் நிம்மதியான வாரம் அதுதான் என்று தோன்றுகிறது. உப்புமா நன்றாகவே இல்லை.

வெள்ளிக்கிழமை மேடம் கேட்டில் நின்று கண்ணைச் சுருக்கினார். ரொம்ப நேரம் சுருக்கியபடியே நின்றார். அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. பிறகு மேடம் உள்ளே வந்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "அட்டையிலே பேரு எப்படி எழுதணும்? ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்று கேட்டார். அம்மாவுக்குத் தன் பெயரையே சொல்ல வரவில்லை. நான் சொன்னேன்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை, ராணுவக் குடியிருப்பின் சமூகக்கூடத்தில். அம்மா பட்டுப்புடவை. அப்பா வெள்ளைச் சட்டை, புதிது. வந்ததிலிருந்து அவர் தண்ணீர் கேன் பக்கத்திலேயே நின்றார். படத்தின் முன்னால் ஆட்கள் நின்று நின்று போனார்கள். பின்னுக்கு நகர்ந்து கண்ணைச் சுருக்குகிறவர்களை நான் எண்ணினேன். ஒரு பெரியவர் தன் மனைவியைக் கூப்பிட்டு, இது நம் ஜன்னலிலிருந்து தெரிகிற பாறை என்று இந்தியில் காட்டினார். அம்மா அட்டைக்குப் பக்கத்திலிருந்து நகரவே இல்லை.

கூட்டம் குறைந்தபோது அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கிட்டே வந்ததும் அவருக்குக் கூச்சம் போய்விட்டது. "இது பம்ப்பு லீக் ஆன அன்னிக்கு. இது கியர் பாக்ஸ்" என்று எனக்கு ஒவ்வொரு நிழலாகத் தொட்டுக் காட்டினார். முப்பத்தொன்றாம் துண்டுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

இடது கை, முழங்கைக்குக் கீழே. அங்கே அம்மா சிவப்பு நூலில் தைத்திருந்தாள். படத்தில் வேறெங்கும் சிவப்பு இல்லை. வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது தைத்திருக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்றது.

"அம்மா, முப்பத்தொண்ணுல இங்க கறையே இல்ல. நான்தான் எண் போட்டேன்."

"அது கறையில்ல பாப்பா. மலையில அங்கிட்டுக் கொஞ்சம் செம்மண்ணு" என்றாள் அம்மா.

அந்தக் குன்றில் செம்மண் கிடையாது. தினமும் அதைப் பார்த்தபடிதான் நான் சாப்பிடுகிறேன். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அப்பா தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு நீளமாக ஒரு தழும்பு உண்டு. நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது சனத்நகர் பாலத்தில் பைக் சறுக்கி விழுந்ததாம்.

"உனக்குத் தெரியுமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"பைக்குல விழுந்தவரு சட்டையில ஒரு பொட்டு மண்ணு இல்ல" என்றாள் அம்மா, படத்தைப் பார்த்துக்கொண்டே. "ரத்தம் மட்டும் இருந்துச்சு. பச்சத் தண்ணியில ரெண்டு தடவ அலசுனேன், போயிருச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"மெஷின்ல கையக் குடுத்தேன்னு சொன்னா நான் பயந்துருவேன்னுதான சொல்லல நீங்க. அதான் கேக்கல."

அப்பா திரும்பத் தண்ணீர் கேன் பக்கம் போகவில்லை. கூடத்தைப் பூட்டுகிற வரைக்கும் அங்கேயே, அம்மாவின் தோளில் தன் தோள் படுகிற மாதிரி நின்றார். அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் அவர்கள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

எனக்கு அவர்கள் பேச்சில் ஒன்றுதான் பிடிபட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் துவைத்தபோது அங்கே கறை இல்லை என்பதை அம்மாவே ஒப்புக்கொள்கிறாள். இல்லாததைப் போட்டால் தப்புத்தானே. நாற்பத்தாறில் நாற்பத்தைந்தைச் சரியாகப் போட்டவள், அசதியில் ஒன்றில் கோட்டை விட்டுவிட்டாள். அவளுடைய முதல் படம், அதுவும் பெயர் போட்டு மாட்டியிருக்கிறார்கள், பாவம். அந்தப் பிழையை நான் யாரிடமும் சொல்லவில்லை.